ரோச்டேல் நகரும் கூட்டுறவுக் கடையும்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ரோச்டேல் என்னும் ஊரின் பெயரோடு தொடங்குவது மரபாகிவிட்டது. ஒருவருக்கு ஒரு வாக்கு, ரொக்க வணிகம், கலப்படமற்ற பொருள், கொள்முதல் அளவுக்கேற்ற ஆதாயப் பங்கீடு, கல்விக்கென ஒரு நிதி என்னும் விதிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். அவ்விதிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்னும் வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு நகரின் கடைத்தெருவில் ஏழைத் தொழிலாளர்களைச் சூழ்ந்து நின்ற இடர்கள் ஒவ்வொன்றுக்கும் விடையாகவே அவை உருவாயின. இடரை அறியாமல் விதியை மட்டும் அறிவது, நோயை அறியாமல் மருந்தின் பெயரை அறிவது போன்றதாகும்.

நகரின் நிலை

இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டர் மாநகருக்கு அருகே, லங்காஷயர் வட்டாரத்தில் அமைந்த ஊர் ரோச்டேல். பிளானல் எனப்படும் மென்கம்பளித் துணி நெசவு அவ்வூரின் பழந்தொழில். 1840களில் நகரத்தில் ஏறத்தாழ 25,000 மக்கள் வாழ்ந்தனர். விசைத்தறிகள் பெருகப் பெருகக் கைத்தறியாளரின் கூலி குறைந்துகொண்டே வந்தது. தானிய இறக்குமதிக்குத் தடையாய் நின்ற சட்டங்கள் 1846 வரை நீக்கப்படவில்லை. ஆகையால் ரொட்டியின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. அப்பத்தாண்டினைப் ‘பசி நாற்பதுகள்’ என்றே ஆங்கில வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

1843ஆம் ஆண்டின் இறுதியில் பிளானல் வணிகம் சற்றே செழித்தபோது, நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டு முதலாளிகளை அணுகினர். அம்முயற்சி தோல்வியுற்றது. கூலியை உயர்த்த இயலாதெனின், வாங்கும் கூலியைக்கொண்டு நல்ல பொருளை நேர்மையான விலைக்குப் பெறவாவது வழியுண்டா என்று அவர்களுள் சிலர் சிந்திக்கத் தொடங்கினர். ராபர்ட் ஓவனின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டோர், வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் எனப் பலதிறத்தாரும் அக்குழுவில் இருந்தனர். அவர்கள் எண்ணிக்கையை 28 என மரபாகக் கூறுவர். அனைவரும் நெசவாளர் அல்லர். வேறு கைத்தொழில் செய்தோரும் அவர்களோடு இணைந்திருந்தனர். வாரந்தோறும் இரண்டு பென்னி, பின்னர் மூன்று பென்னி எனச் சேர்த்து, ஓராண்டின் அளவில் 28 பவுன் முதல் திரட்டினர். சிறுதுளி பெருவெள்ளம் என்பர். இங்கே திரண்டது பெருவெள்ளமன்று, ஒரு குடம் நீரே. அக்குடத்தைச் சிந்தாமல் காப்பது எவ்வாறு என்பதே அவர்கள்முன் நின்ற சிக்கல்.

கடன் என்னும் தளை

தொழிலாளர் குடும்பங்கள் அக்காலத்தில் பொருள் வாங்கிய முறை கடன்முறையே. வாரக் கூலி கைக்கு வரும்முன்னரே அரிசிக்கு ஒப்பான மாவும், சர்க்கரையும், வெண்ணெயும் கடைக்காரரின் கணக்கேட்டில் பற்று எழுதப்பட்டிருக்கும். கடன்பட்டவர் வேறு கடைக்குச் செல்ல இயலாது. விலையைக் கேட்கவும் எடையைக் குறை கூறவும் துணியார். இதனினும் கொடியது, கூலிக்குப் பதிலாகச் சரக்கைக் கொடுக்கும் வழக்கம். சில முதலாளிகள் தமக்கே உரிய கடைகளை வைத்து, கூலியின் ஒரு பகுதியை அக்கடைப் பொருளாகவே கொடுத்தனர். 1831ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடை செய்திருந்தும், அவ்வழக்கம் பல இடங்களில் தொடர்ந்தது.

இவ்விடருக்கு விடையாகக் கூட்டுறவுக் கடையைத் திறக்கும் எண்ணம் 1844இல் புதிதாகப் பிறந்ததன்று. பிரைட்டன் நகர மருத்துவர் வில்லியம் கிங் 1828 முதல் 1830 வரை நடத்திய இதழின் ஊக்கத்தால் இங்கிலாந்தெங்கும் நூற்றுக்கணக்கான சிறு சங்கங்கள் எழுந்தன. 1830களின் நடுப்பகுதிக்குள் அவற்றுட் பெரும்பாலானவை மறைந்துபோயின. ரோச்டேல் நகரிலேயே 1833இல் டோட் லேன் தெருவில் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் 1835இல் மூடப்பட்டது. உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்ததும் அக்கடன் திரும்பாமற் போனதுமே அதன் வீழ்ச்சிக்குத் தலையாய காரணம். தனி வணிகர் கடன் கொடுத்து நட்டமடைந்தால் அதனை விலையில் ஏற்றி ஈடுசெய்வார்; சிறு முதலுடைய சங்கத்துக்கோ அவ்வழி இல்லை.

அத்தோல்வியைக் கண்ணாரக் கண்டவர்கள் 1844ஆம் ஆண்டுக் குழுவிலும் இருந்தனர். ஆகவே கடன் கொடுப்பதும் இல்லை, கடன் வாங்குவதும் இல்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். அவ்வுறுதிக்கும் ஒரு விலை இருந்தது. வேறு கடையில் பழைய கடன் நிற்க, கையில் ரொக்கம் இல்லாத வறியவர் புதிய கடையின் வாயிலை மிதிக்க இயலவில்லை. ஓரளவேனும் சீரான வருமானம் உடையவர்களே தொடக்கத்தில் உறுப்பினராயினர். வறுமையை எதிர்த்துப் பிறந்த ஒரு சங்கம், மிக வறியோரை வெளியே நிறுத்தியே உயிர் பிழைத்தது. இவ்வுண்மையை மறைத்து ரோச்டேலைப் போற்றுவது வரலாறு ஆகாது.

ஐந்து பொருள்கள்

1844ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ‘ரோச்டேல் நேர்மை முன்னோடிகள் சங்கம்’ பதிவு பெற்றது. டோட் லேன் 31ஆம் எண்ணுடைய பழைய கிடங்கு ஒன்றின் கீழ்த்தளம், ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு எடுக்கப்பட்டது. இடத்தைச் செப்பனிட்டுத் தட்டுமுட்டுகள் வாங்கிய பின்னர், சரக்குக்கு எஞ்சியது ஏறத்தாழப் பதினாறரைப் பவுன். அதனைக்கொண்டு 28 இராத்தல் வெண்ணெய், 56 இராத்தல் சர்க்கரை, ஆறு அந்தர் மாவு, ஒரு சாக்கு ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள் ஆகிய ஐந்து பொருள்கள் வாங்கப்பட்டன. டிசம்பர் 21ஆம் நாள், ஆண்டின் மிக நீண்ட இரவொன்றில், கடையின் கதவு திறந்தது. தெருவில் கூடியிருந்த ஆலைச் சிறுவர்கள் எள்ளி நகைத்தனர். சரக்கு முழுவதையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்றுவிடலாம் என்று பிற கடைக்காரர்கள் ஏளனம் பேசினர் என்றும் கூறுவர்.

ஏளனத்தில் ஓர் உண்மையும் இருந்தது. சிறிதளவாக வாங்குவோருக்கு மொத்த வணிகர் நல்ல விலை தருவதில்லை. நல்ல சரக்கையும் தருவதில்லை. ஐந்து பொருள்களே உள்ள கடைக்கு வருவோர் பிற பொருள்களுக்கு வேறு கடையை நாடவே வேண்டும். முதலாண்டில் சங்கம் உயிரோடு இருந்ததே அரிது. தேயிலையும் புகையிலையும் 1845இன் பிற்பகுதியில்தான் சேர்ந்தன. அவ்வாண்டு முடிவில் உறுப்பினர் 74 பேர். விற்பனை 710 பவுன். ஆதாயம் 22 பவுன்.

விலைப் போட்டியும் ஆதாயப் பங்கீடும்

புதுக்கடை திறப்போர் விலையைக் குறைத்து வாடிக்கையாளரை ஈர்ப்பது எக்காலத்திலும் உள்ள வழக்கம். முன்னோடிகள் அதனைச் செய்யவில்லை. ஊரில் நிலவும் விலைக்கே பொருளை விற்றனர். விலையைக் குறைத்திருந்தால் முதல் மிகுந்த வணிகர்கள் இன்னும் குறைத்து, 28 பவுன் முதலை ஒரே பருவத்தில் கரைத்திருப்பர். ஊர் விலைக்கே விற்றதனால் பகையின் கூர்மை மழுங்கியது.

எஞ்சிய ஆதாயத்தை என்செய்வது? பங்குத் தொகைக்கு அளவான வட்டி கொடுத்த பின்னர், ஒவ்வொருவரும் வாங்கிய பொருளின் அளவுக்கு ஏற்ப ஆதாயத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்யப்பட்டது. இம்முறையை எடுத்துக் கூறியவர் சார்லஸ் ஹோவார்த் எனக் கூறுவர். இதற்கு முன்னரும் சில ஊர்களில் இது கையாளப்பட்டதுண்டு. உலகறியச் செய்தது ரோச்டேலே. ஒரு காட்டு: பவுனுக்கு ஒரு ஷில்லிங் ஆதாயம் என்றால், ஆண்டில் பத்துப் பவுனுக்குப் பொருள் வாங்கிய குடும்பம் பத்து ஷில்லிங் பெறும். அதனை எடுத்துச் செல்லாமல் சங்கத்திலேயே விட்டுவைத்தால் அது பங்கு முதலாக வளரும். அன்றாட உணவை வாங்குவதே சேமிப்பாக மாறிய விந்தை இது. மிச்சம் பிடிக்க வழியற்ற குடும்பத்துக்குப் பொருந்திய சேமிப்பு முறை இதைவிட வேறொன்று இருந்திருக்க முடியாது.

சேமிப்பைக் காக்கும் இடமும் அந்நகரில் அரிதாய் இருந்தது. 1849இல் ரோச்டேல் சேமிப்பு வங்கி மோசடியினால் வீழ்ந்தது. ஏழைகள் பலர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர்முன் வைத்த கூட்டுறவுக் கடையை நோக்கி மக்கள் திரும்பினர். 1847இல் 110ஆக இருந்த உறுப்பினர் தொகை 1849 முடிவில் 390 ஆயிற்று. 1850இல் 600 ஆயிற்று. பிறரது மோசடி இவர்களது நேர்மைக்குச் சான்றாகி நின்றது.

கலப்படமும் தூய மாவும்

அக்கால உணவு வணிகத்தைப் பீடித்திருந்த பெருநோய் கலப்படம். ரொட்டி மாவை வெளுக்கப் படிகாரம் சேர்த்தனர். பயன்படுத்திய தேயிலையை உலர்த்தி நிறமேற்றி மீண்டும் விற்றனர். இக்கேட்டினை 1820இலேயே பிரெடரிக் ஆக்கம் என்னும் வேதியியலறிஞர் நூலெழுதி வெளிப்படுத்தினார். ஆயினும் கலப்படத்தைத் தடுக்கும் முதற்சட்டம் 1860இல்தான் வந்தது; வலிமையான சட்டம் வர 1875 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் உறங்கிய அக்காலத்தில் தூய பொருள், நிறைந்த எடை என்பதைச் சங்கமே தன் விதியாக ஏற்றது.

இவ்விதியும் சோதனைக்குள்ளானது. 1850இல் ரோச்டேல் வட்டாரக் கூட்டுறவு மாவு ஆலை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் தரமும் கணக்கும் சீர்ப்படாமல் ஆலை நட்டமடைந்தது. பின்னர் தூய மாவு வந்தபோதும் உறுப்பினர் சிலர் முகம் சுளித்தனர். படிகாரம் சேர்த்து வெளுத்த மாவையே கண்டு பழகிய கண்களுக்குத் தூய மாவின் நிறம் மங்கலாகத் தோன்றியது! நேர்மையான பொருளை விற்பதற்கு, அதனை அறிந்து வாங்கும் மக்களையும் உருவாக்க வேண்டும் என்பதைச் சங்கம் அப்போது உணர்ந்தது.

கல்வி நிதி

ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காடு கல்விக்கென ஒதுக்கப்பட்டது இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ளத்தக்கது. கடையின் மேல்தளத்தில் செய்தித்தாள் படிக்கும் அறையும் நூலகமும் அமைந்தன. இங்கிலாந்தில் தொடக்கக்கல்விச் சட்டம் 1870இல்தான் இயற்றப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், மாவும் சர்க்கரையும் விற்ற கடை நூலகம் வைத்ததன் அருமை விளங்கும். கணக்கைப் படிக்கத் தெரியாத உறுப்பினரின் வாக்கு பிறர் கைப்பொருளாகிவிடும்.

வாக்குரிமையிலும் சங்கம் நாட்டுக்கு முன்சென்றது. பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பெண்களும் உறுப்பினராகலாம். 1846இல் எலைசா பிரையர்லி என்னும் பெண்மணி பங்கு வாங்கி முதற்பெண் உறுப்பினரானார். மணமான பெண்ணுக்குத் தன் ஈட்டத்தின்மீது உரிமை தந்த முதற்சட்டம் அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1870இல் பிறந்தது.

சட்டம் தந்த துணை

விதிகள் நன்றாயினும் சட்டத்தின் துணையின்றி வணிகம் வளராது. கூட்டுறவு வணிகத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாமையால், பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கான சட்டத்தின்கீழேயே முன்னோடிகள் பதிவு செய்துகொண்டனர். 1852இல் இயற்றப்பட்ட தொழில், சேமிப்புச் சங்கங்கள் சட்டம் கூட்டுறவு வணிகத்துக்கு உரிய நிலையைத் தந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினரின் பொறுப்பை அவர்தம் பங்களவோடு வரையறுத்தது. ஒரு சங்கம் மற்றொரு சங்கத்தில் பங்கு வாங்கவும் இடமளித்தது. அதன் பயனாக 1863இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் ஒன்றுகூடி மான்செஸ்டரில் மொத்தக் கொள்முதல் சங்கத்தை நிறுவின. சிறு கடை மொத்த வணிகரிடம் பட்ட இடர், இருபதாண்டுக் காலம் கழிந்து இவ்வாறு தீர்ந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தது போய், ஊர்கள் கூடித் தேர் இழுக்கும் காலம் வந்தது.

ஆலையில் நேர்ந்த தோல்வி

1860இல் முன்னோடிகள் சங்கத்தின் உறுப்பினர் 3,450 பேர். முதல் ஏறத்தாழ 37,700 பவுன். ஆண்டு விற்பனை 1,52,000 பவுன். இவ்வெற்றியின் நிழலிலேயே ஒரு தோல்வியும் வளர்ந்தது. 1854இல் கூட்டுறவு உற்பத்திச் சங்கம் ஒன்று ரோச்டேலில் ஆலைத்தொழிலைத் தொடங்கியது. ஆதாயத்தில் பங்குதாரருக்கு ஒரு பகுதி, உழைப்போருக்கு ஒரு பகுதி என்பது அதன் கொள்கை. தொழில் செழித்ததும், நல்ல ஆதாயம் கிட்டும் என்றறிந்து புதிய பங்குதாரர்கள் திரண்டனர். அவர்களுட் பலர் அங்கே உழைத்தவர் அல்லர். கொள்கையில் பற்றுடையவரும் அல்லர். உழைப்போருக்கு எதற்குப் பங்கு என்னும் கேள்வியை அவர்கள் எழுப்பினர். 1862இல் பெரும்பான்மை வாக்கினால் அப்பங்கு நீக்கப்பட்டது.

வெளிப்பகைவர் எவரும் அவ்வாலையின் கொள்கையை வீழ்த்தவில்லை. வாக்கெடுப்பு முறைப்படியே நடந்தது, விதியும் மீறப்படவில்லை. விதி எதற்காகப் பிறந்தது என்பதை அறியாதோர் பெரும்பான்மையானபோது, விதியின் வழியாகவே விதி அழிந்தது. வறுமை, கடன், கலப்படம், ஏளனம் ஆகிய யாவற்றையும் வென்ற ஊரில் வெற்றியே இடராக வந்தது.

மலாயாவுக்கு வந்த வழி

ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1858இல் வெளியிட்ட நூல் ரோச்டேலின் புகழை நாடெங்கும் பரப்பியது. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, அக்கடைமுறை தமிழ் மண்ணிலும் வேரூன்றியது. அதே ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டத்துக்கு வழிகோலிய பிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை, ஜெர்மானியர் ரைபைசன் வகுத்த சிற்றூர்க் கடன் சங்க முறையையே பெரிதும் பரிந்துரைத்தது.

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தது. அவ்வாண்டில் முதலாவதாகப் பதிவு பெற்றது அஞ்சல் தந்தித் துறை ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம். பின்னர் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் அத்தகைய சங்கங்கள் பரவின. இங்கே ஒரு முரண்பாடு தோன்றலாம். ரோச்டேல் கடனை விலக்கியது. மலாயாச் சங்கங்களோ கடன் கொடுப்பதற்கென்றே பிறந்தன. உண்மையில் இரண்டும் ஒரே நெறியில் நின்றவையே. மாதச் சம்பளக்காரரையும் தோட்டத் தொழிலாளரையும் இங்கு வாட்டியது கடுவட்டிக் கடன். ஆகவே உறுப்பினர்தம் சேமிப்பைத் திரட்டி, நியாயமான வட்டிக்கு அவர்களுக்கே கடனாகக் கொடுப்பது இந்நாட்டு இடருக்கேற்ற விடையாயிற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நிலைகுலைந்த இடருக்கு விடையாகவே. 1973இல் விலைவாசி ஏற்றத்தின்போது சிங்கப்பூர்த் தொழிற்சங்கங்கள் கூட்டுறவு அங்காடியைத் திறந்ததும் அவ்வாறே.

ரோச்டேல் ஆலையின் பாடமும் இந்நாட்டுக்கு எட்டாததன்று. 1986இல் மலேசியாவில் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. முறைகேடான நிருவாகமும் ஆழம் பாராத முதலீடுகளும் அதற்குக் காரணங்களாயின. சிறுகச் சிறுகச் சேமித்த எளிய மக்கள் பலர் அல்லலுற்றனர். கூட்டுறவு என்னும் பெயர் இருந்தது. கணக்கைக் கேட்கும் உறுப்பினர் குரல் இல்லை.

டோட் லேன் கடை 1931 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கே காண்பதற்கு ஒரு தராசும், சில பீப்பாய்களும், பலகை மேடையும் உள்ளன. அவற்றுள் தராசே மாணவர் கருதிப் பார்க்கத்தக்கது. பொருளை நிறுத்த அத்தராசின்முன், வாங்குவோரும் விற்போரும் ஒருவரே என்னும் நிலையில் முன்னோடிகள் நின்றனர். பள்ளிக் கூட்டுறவுக் கடையில் எழுதுகோலும் ஏடும் விற்கும் மாணவருக்கு ஐந்து விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர், அவ்விதிகள் ஒவ்வொன்றும் எந்த இழப்பிலிருந்து பிறந்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். கடையின் ஆண்டுக்கணக்கை அம்மாணவரே வாசித்துக் கேள்வி கேட்கும் நாள், அப்பாடம் நிறைவுறும் நாளாகும்.